லடாக்கா, ஸ்பிட்டியா? ராத்திரி எங்கே தூங்குகிறோம் என்பதுதான் கணக்கு

பெருந்துறையிலிருந்து இமயமலையின் குளிர் பாலைவனத்துக்கு இரண்டு தடவை போய்வந்திருக்கிறோம். முதலில் நானும் மனைவியும் டெல்லியிலிருந்து விமானத்தில் லே இறங்கி லடாக் பார்த்தோம். அடுத்த தடவை எழுபது வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு சிம்லா வழியாக இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கு. இரண்டும் டூர்காரர் ஏற்பாடு, இரண்டும் செப்டம்பர் மாதம். "ஏனுங்க, எதுக்குப் போறது?" என்று உறவுக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் நான் ஸ்பிட்டி என்றுதான் சொல்கிறேன்.

அழகைப் பொறுத்தவரை பெரிய வழக்கு இல்லை. பாங்காங் ஏரிக்கு இணையாக ஸ்பிட்டியில் எதுவும் கிடையாது, சந்திரதால் சின்ன ஏரி. ஆனால் தாபோ மடத்தின் மண்சுவர் ஓவியங்களுக்கு முன்னால் நின்றால் பேச்சு வராது. 996-ல் எழுந்த மடம் அது, நம் தஞ்சைப் பெரிய கோயில் முடிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே. விடுப்பு குறைவு என்றால் லடாக்தான் வசதி, ஆறேழு நாளில் திரும்பிவிடலாம். ஸ்பிட்டிக்குப் பத்து நாளாவது வேண்டும்.

நான் முடிவெடுத்தது உயரத்தை வைத்து. நம்ம ஊர்க்காரர்களுக்கு உயரம் என்றால் ஊட்டி, 2,240 மீட்டர். லே 3,500 மீட்டர். டெல்லியின் சமவெளியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறக்கிவிடுகிறார்கள். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கிறது. உடம்பு அதற்குப் பழக இரண்டு நாளாவது சும்மா இருக்க வேண்டும். எங்கள் டூர்காரர் மறுநாளே 5,359 மீட்டரில் இருக்கும் கர்துங் லா கணவாய்க்கு ஏற்றினார். அங்கே மனைவிக்குத் தலை சுற்றியது. நூப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் என்ற ஊருக்கு இறங்கியதும் சரியாகிவிட்டது, ஏனென்றால் அது லேயைவிடத் தாழ்வான ஊர். அந்த நிம்மதியில் மறுநாள் பாங்காங் கரையில், 4,250 மீட்டரில், கூடாரத்தில் படுத்தோம். விடிய விடிய தலைவலியும் வாந்தியும். விடிந்ததும் டிரைவர் எதையும் யோசிக்காமல் லேவுக்கு இறக்கிக் கொண்டுவந்தார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. கணவாயில் அரை மணி நேரம் நிற்பதைவிட எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவர்களின் பொதுவான கணக்கு. ஹுண்டரிலிருந்து பாங்காங்குக்கு நாங்கள் ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியிருந்தோம்.

சிம்லா வழியில் இந்தக் கணக்கு தானாகவே அமைந்துவிடுகிறது. சிம்லா 2,200, கல்பா 2,960, தாபோ 3,280, ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸா 3,650க்குக் கொஞ்சம் மேல். படி படியாக ஏறினோம். ஆறாம் நாள் அம்மா கீ மடத்தின் படிகளை நின்று நின்று தானாகவே ஏறினார். காஸாவில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் சோறு வேகாது. குக்கர் வாங்கி அரிசிம்பருப்பு சாதம் வைத்தோம். சமையல்காரப் பையனும் ஒரு தட்டு சாப்பிட்டான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மணாலியிலிருந்து தொடங்கும் ஸ்பிட்டி டூர்களும் உண்டு. 2,050 மீட்டரிலிருந்து குன்சும் கணவாய் தாண்டி ஒரே நாளில் காஸா. அதில் லடாக்கின் அதே சிக்கல் இருக்கிறது. போகும்போது சிம்லா, திரும்பும்போது மணாலி என்று கேட்டு வாங்குங்கள். சிம்லா வழியில் வரும் கின்னௌர் சாலையில் ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவு அதிகம், அந்த மாதங்கள் வேண்டாம். குளிர்காலத்தில் நான் போனதில்லை. மூன்று பேர் உடம்பை வைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன். இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் இரண்டில் எதற்கும் கிளம்பக் கூடாது. உயரத்தால் வரும் தொந்தரவைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரையும் அவரைக் கேட்டுத்தான், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

டூர்காரரிடம் ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்பதற்கு முன்னால், ஒவ்வொரு இரவும் எந்த ஊரில் தங்கல், அந்த ஊர் எத்தனை மீட்டர் என்று எழுதி வாங்குங்கள்.

அம்மாவுக்கு இப்போது பாங்காங் பார்க்க ஆசை. இந்தத் தடவை ஸ்ரீநகரிலிருந்து சாலை வழியாக, 2,676 மீட்டரில் இருக்கும் கார்கிலில் ஒரு இரவு, லேயில் மூன்று இரவு என்று கேட்டிருக்கிறேன். பாங்காங்குக்குக் கடைசி நாள் காலையில் போய் ஏரியைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் லேவுக்கு இறங்கிவிடுவதாகத் திட்டம்.