மதுரையிலிருந்து நாலு பாதை: குற்றாலமா, கொடைக்கானலா, மூணாறா, ராமேஸ்வரமா?

அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் ஊர் சுற்றுவதற்கு யோசனையே தேவைப்பட்டதில்லை. மே என்றால் கொடைக்கானல், ஜூலைக் கடைசி என்றால் குற்றாலம், தை அமாவாசைக்கு ராமேஸ்வரம். தினசரி காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டுவிடுவார், அவ்வளவுதான். மழை அந்த வட்டத்துக்கு ஏறக்குறைய கட்டுப்பட்டு நடந்துகொண்டது, அல்லது எங்களுக்கு இப்போது அப்படித் தோன்றுகிறது.

இன்றைக்கு அதே கணக்கில் போனால் உதைக்கிறது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்க வேண்டிய தேதி ஜூன் 1. 2023-இல் ஜூன் 8-இல் வந்தது, 2024-இல் மே 30, 2025-இல் மே 24. மூன்றே வருஷத்துக்குள் பதினைந்து நாள் வித்தியாசம். வருஷத்துக்கு ஒரு தடவை நாலு நாள் லீவு போட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவனுக்குப் பதினைந்து நாள் என்பது பெரிய விஷயம். போதாக்குறைக்கு மழை வரும் விதமும் மாறிவிட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, அந்தப் பக்கம் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது. அந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் நான் இடங்களை எடைபோடும் முறையையே மாற்றினேன். மழை வருமா வராதா என்று கேட்பதை விட்டுவிட்டேன். வந்தால் திரும்பி வர எத்தனை வழி இருக்கிறது, கடைசி நேரத்தில் மனசை மாற்றிக்கொள்ள அந்த ஊர் இடம் கொடுக்குமா, இந்த இரண்டுதான் இப்போது என் கேள்வி.

மதுரைக்காரர்களுக்கு மூன்று, நான்கு மணி நேரத்தில் எட்டுகிற நாலு இடங்களை அந்தக் கேள்வியோடு பார்க்கலாம்.

கொடைக்கானலை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் பணம் விட்ட இடம் அதுதான். மே மாதம் அங்கே கோடை மழை மாலை நேரத்தில் இடியோடு வரும், காலையில் வெயில் காயும், அதில் பெரிய தொல்லை இல்லை. தொல்லை கூட்டம். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மலை ஏறும் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வந்தது, அடுத்த வருஷம் ஏப்ரலில் வார நாட்களுக்கு 4,000, வார இறுதிக்கு 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். மலைக்கு நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் கணக்கில் இதற்கு ஒரு விலை இருக்கிறது: சீசனில் "நாளைக்கு வானம் தெளிவா இருக்காம், கிளம்பலாமா" என்கிற வசதி போய்விட்டது. முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும், முன்கூட்டியே அறை போட வேண்டும், அதற்கப்புறம் வானம் என்ன செய்தாலும் நாம் போய்த்தான் ஆக வேண்டும்.

ஒரு காலாண்டு விடுமுறைக்கு அப்படித்தான் மாட்டினோம். இரண்டு மாசத்துக்கு முன்பே அறைக்கு ஆறாயிரம் கட்டியாகிவிட்டது. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை (வானிலை மையம் தருவதில் மஞ்சளுக்கு மேலே, சிவப்புக்குக் கீழே). விடுதிக்குப் போன் போட்டால், "ரோடு திறந்துதான் சார் இருக்கு, தாராளமா வாங்க" என்கிறார்கள், பணம் திரும்பாது என்பதை அவ்வளவு மரியாதையாக வேறு யாராலும் சொல்ல முடியாது. போனோம். இரண்டு நாள் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டியது போல மூடுபனி. பிள்ளைகள் சீட்டு விளையாடக் கற்றுக்கொண்டார்கள். திரும்பும்போது வத்தலக்குண்டு பாதையில் மரம் சாய்ந்திருக்க, பழனி வழியாகச் சுற்றி வந்தோம்.

அந்தச் சுற்றல்தான் கொடைக்கானலின் பலம் என்று பிறகு புரிந்தது. வத்தலக்குண்டு பாதை, பழனிப் பாதை, பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏறும் குறுகிய பாதை என்று இறங்க மூன்று வழி உண்டு. மூன்றும் பெருமாள்மலைப் பக்கம் வந்து சேர்வதால் அதற்கு மேலே அடைபட்டால் கதை வேறு, இருந்தாலும் மூன்று மூன்றுதான். கொடைக்கானலுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அக்டோபர், நவம்பர் மோசம். ஜூன், ஜூலையில் மேற்குப் பக்க மலைகள் நனைந்து ஊறும்போது இங்கே அவ்வளவு இருக்காது. பள்ளி திறந்து கூட்டம் இறங்கிய ஜூன் பிற்பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு லீவு போட்டால் நல்ல கொடைக்கானல் கிடைக்கும். வகுப்பாசிரியை என்ன சொல்வார் என்பது உங்கள் பாடு.

மூணாறு இதற்கு நேர் எதிர். அழகில் நாலில் முதலிடம், சந்தேகமே இல்லை, தேனி தாண்டிப் போடிமெட்டு ஏறும்போதே மனசு லேசாகிவிடும். ஆனால் அது தென்மேற்குப் பருவமழையை நேராக நெஞ்சில் வாங்குகிற இடம். பூப்பாறையிலிருந்து தேவிகுளம் போகும் கேப் ரோடு பாறை சரிந்து பலமுறை மூடிய பாதை. அது மூடினால் மதுரைக்காரனுக்கு மிச்சம் மறையூர், சின்னாறு, உடுமலைப்பேட்டை வழி, காட்டுக்குள் போகிற பாதை. சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் இடுக்கி மாவட்ட நிர்வாகம் மலைப் பாதைகளில் இரவுப் போக்குவரத்தை நிறுத்திவிடும், சுற்றுலா இடங்களையும் மூடிவிடும். அறையில் உட்கார்ந்திருக்கக்கூட நிம்மதி இருக்காது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்தில் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர் போனது, பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்து போன தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அதன்பின் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை "மழையில் மூணாறு" என்று விளம்பரம் பார்த்தால் எனக்கு ஒப்பவில்லை. ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை போங்கள். அந்த மாதங்களில் வானிலையும் பெரிதாக ஏமாற்றாது.

ராமேஸ்வரத்தில் மலைச்சரிவு இல்லை, அதனால் பாதுகாப்பு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 2024 நவம்பர் 20 அன்று அங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தீவு, வெளியே வர ஒரு சாலைப் பாலம், ஒரு ரயில் பாலம். பலத்த காற்று அடித்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், புதுப் பாலம் வந்தும் அதில் மாற்றமில்லை. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டபோது இந்தக் கரையில் இருந்தவர்களுக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆக அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை, அரையாண்டு விடுமுறை உட்பட, ராமேஸ்வரத்துக்கு நான் முன்பணம் கட்ட மாட்டேன்.

ஜூன், ஜூலையிலும் ஒரு சங்கதி உண்டு. மழை இருக்காது, காற்று இருக்கும். தனுஷ்கோடியில் ஒரு பக்கம் பெண் கடல் குளம் போலக் கிடக்கும், மறுபக்கம் ஆண் கடல் குமுறும், நடுவில் நிற்கிற நம் முகத்தில் மணல் ஊசி ஊசியாகக் குத்தும். பொங்கலுக்குப் பிறகு பிப்ரவரி வரை இந்த இரண்டும் அடங்கியிருக்கும். முன்கூட்டியே பதிவு செய்து போகலாம் என்று நான் துணிந்து சொல்கிற ஒரே இடமும் காலமும் அதுதான். ரயில் டிக்கெட் இப்போது 60 நாளுக்கு முன்பிருந்துதான் கிடைக்கிறது (2024 அக்டோபர் வரை 120 நாள்), எனக்கென்னவோ இது நல்லதாகவே படுகிறது, நாலு மாசத்துக்கு முன்னால் வானத்தைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பிவிடும். விடுதி அப்படியில்லை, அதனால் அங்கே ஐம்பது ரூபாய் கூடப் போனாலும் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்து எடுங்கள்.

கடைசியாகக் குற்றாலம். முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். நாலு இடத்தில் சீசன் அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். ஜூலையில் போனால் பாறை மட்டும் காயும், யாரும் எதிர்பார்க்காத மே மாதத்தில் வெள்ளம் வரும். 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கி, 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. கீழே வானம் வெளுத்திருந்தாலும் மேலே காட்டுக்குள் பெய்தது சில நிமிஷத்தில் அருவிக்கு வந்துவிடும். பேரருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்தால் போலீஸ்காரர் விசில் அடிக்கும்வரை காத்திருக்கக்கூடாது, துண்டை எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் கை காட்டுவது குற்றாலத்தைத்தான். காரணம் சப்பையானது: மதுரையிலிருந்து ராஜபாளையம், புளியங்குடி, தென்காசி என்று போகும் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவுகூட இல்லை. செங்கோட்டைக்கு ரயில் இருக்கிறது, பஸ் விடிய விடிய இருக்கிறது. இ-பாஸ் வேண்டாம். காலையில் செய்தி பார்த்து "அருவியில் தண்ணீர் ஆர்ப்பரிக்கிறது" என்று இருந்தால் பையைத் தூக்கலாம், "குளிக்கத் தடை" என்று இருந்தால் பையை இறக்கலாம், ஒரு பைசா நஷ்டமில்லை. போன பிறகு தடை போட்டாலும் ஐந்தருவியில் இல்லையென்றால் புலியருவி, அதுவும் இல்லையென்றால் புரோட்டா. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிச் சனி ஞாயிறு வந்தால் மட்டும் யோசியுங்கள், அப்போது தண்ணீரைவிடத் தலைகள் அதிகம்.

வானிலை அறிக்கையை எப்படிப் பார்க்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலு வாரத்துக்கு முன் சொல்வதை ஒரு சகுனமாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது மாவட்ட வாரியாக வருவதைத்தான் நம்புகிறேன். அதில் கனமழை என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர், மிக கனமழை 12 முதல் 20, அதற்கு மேல் அதி கனமழை. எச்சரிக்கை மஞ்சள் என்றால் குற்றாலத்துக்குக் கிளம்புவேன், குளியல் உறுதியில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு. ஆரஞ்சு வந்தால் மலை எதுவும் கிடையாது. சிவப்பு என்றால் திருமங்கலத்தைத் தாண்ட மாட்டேன்.

அம்மாவிடம் இந்த வருஷம் எங்கே என்று கேட்டேன். முட்டி வலியோடு மலை ஏற முடியாது, தீவுக்கு வயசில்லை என்றார். "அருவியில தண்ணி இல்லாட்டியும் பரவாயில்லடா, தென்காசி கோயில் வாசல்ல அடிக்கிற காத்துக்கே போயிட்டு வரலாம்." கோபுர வாசலில் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடக்க வைக்கும் அந்தக் காற்றுக்கு எந்த முன்பதிவும் வேண்டாம். ஜூலை இரண்டாவது சனிக்கிழமை என்று பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன்.