முதுகு நனையாமல் இருந்தால் போதுமா? சைக்கிளுக்கு எந்த மட்கார்டு

கீழ்க்கட்டளையிலிருந்து துரைப்பாக்கத்துக்கு ரேடியல் சாலை வழியாகப் போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு. என் வண்டி ஹைபிரிட் (ரோடு பைக்குக்கும் மலை பைக்குக்கும் நடுவான ரகம்), 700 x 35 டயர், அதாவது 35 மில்லிமீட்டர் அகலம். கடையில் பார்த்தபோது மட்கார்டு இல்லாமல் ஒல்லியாக, ஜம்மென்றுதான் இருந்தது. பிறகு அக்டோபர் வந்தது. ஆண்டு முழுக்கச் சென்னைக்குக் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். முதல் வாரத்திலேயே சட்டையின் முதுகில் இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரு சேற்றுக் கோடு. ஆபீஸ் லிஃப்டில் பின்னால் நின்றவர்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை.

இப்போது என் வண்டியில் இருப்பது கம்பி வைத்த முழு நீள பிளாஸ்டிக் மட்கார்டு. அதற்கு முன்னால் கிளிப் வகை ஒரு மழைக்காலம் ஓடியது. இரும்புத் தகட்டை அப்பாவின் 22 இஞ்சு சைக்கிளில் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். ஆக, இந்த ஒப்பீடு எந்தப் பக்கம் சாயும் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை.

கிளிப் வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சீட் கம்பியில் ஒரு பட்டை, முன்னால் ஃபிரேமின் கீழ்க்குழாயில் ஒரு பட்டை, ஐந்து நிமிட வேலை. விலை குறைவு, வெயில் காலத்தில் கழற்றி லாஃப்டில் போட்டுவிடலாம். முதுகுக் கோடு நின்றுவிட்டது, அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பின்னது நாய் வால் மாதிரி ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கையைப் பின்னால் விட்டு அதை நேராக்குவது எனக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

இரும்பு வேறு ஜாதி. சக்கரத்தைத் தழுவி நன்றாகக் கீழே இறங்கும். நசுங்கினால் தெருமுனைக் கடைக்காரர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிக் கொடுப்பார். இந்த ஊரில் அதற்கு எதிரி உப்புக் காற்று. கம்பியைப் பிணைக்கும் ரிவெட்டின் ஓரத்தில் ஈர மண் ஒட்டிக்கொண்டு, துரு உள்ளேயிருந்து தின்னும். வெளியே பெயிண்ட் உப்பிக்கொண்டு வரும்போதுதான் தெரியும், அதற்குள் ஓட்டை விழுந்திருக்கும். அப்புறம் லொடலொடச் சத்தம். அப்பா தெருமுனை திரும்பும்போதே அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவார்.

என் வண்டிக்கு இரும்பு போட முடியாததற்குக் காரணம் துரு அல்ல. நம்மூர் 28 இஞ்சுச் சக்கரத்துக்கான மட்கார்டின் கம்பி நுனியில் ஒரு வளையம் இருக்கும். அதை ஆக்சிலில் மாட்டி நட்டுப் போட்டு இறுக்குவார்கள். என்னுடையது குயிக் ரிலீஸ் சக்கரம், அதாவது ஸ்பேனர் இல்லாமல் லீவரைத் திருப்பிக் கழற்றுவது, ஆக்சில் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. வழக்கமாகப் பஞ்சர் ஒட்டும் கடைக்குக் கொண்டுபோனேன். வளையத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது உட்கார இடமே இல்லையே, வெல்டிங்கா வைக்கச் சொல்றே?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே ஹைபிரிட் வண்டியில் இரும்பு எப்படி ஓடும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல எதுவும் இல்லை. பழைய மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், இரும்பே போடுங்கள்.

மூன்றாவது வகையான முழு நீள பிளாஸ்டிக்குக்கு என்னைத் தள்ளியது முதுகு இல்லை, செயின்.

நனைந்த சாலையில் டயர் தரையை விட்டு மேலெழும் இடத்தில் தண்ணீர் தாழ்வாகப் பின்னோக்கிப் பீய்ச்சும். முன் சக்கரத்துக்குப் பின்னால் அந்த உயரத்தில் என்னென்ன இருக்கின்றன? உங்கள் ஷூ, பெடல், செயின் வீல், பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் பேரிங். சக்கரத்தின் உச்சியில் கழன்ற துளி முன்னால் பறக்கும். அதற்குள் நாமே போய் முகத்தைக் கொடுப்போம். கிளிப் வகையின் முன்பாகம் கீழ்க்குழாயை ஒட்டி நடு உயரத்தில் நிற்பது, தாழ்வாக வரும் பீய்ச்சலை அது தொடுவதே இல்லை. பின்பாகமும் அப்படித்தான். சீட் குழாய்க்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே திறந்து கிடக்கும் இடத்தில் மண்ணெல்லாம் அப்பிக்கொள்ளும்.

ரேடியல் சாலையின் ஓரம் முழுக்க மணல். தண்ணீரோடு அது செயினில் ஏறி, அங்கிருக்கும் எண்ணெயோடு குழைந்தால் உப்புத்தாள் தேய்ப்பது போலத்தான். புதுச் செயினில் 24 பின் தள்ளி ஸ்கேல் வைத்து அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது பதினாறில் ஒரு அங்குலம் கூடினால் செயினை மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு அங்குலம் கூடிவிட்டால் செயின் மட்டும் போதாது, பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டின் பல்லும் தேய்ந்திருக்கும். கிளிப் வகையோடு ஓட்டிய மழைக்காலம் முடிந்து ஜனவரியில் அளந்தபோது எனக்கு எட்டில் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. செயினும் கேசட்டுமாக மாற்றினேன். கிளிப்பில் மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போனது, மேலேயும் கொஞ்சம் போட வேண்டியிருந்தது.

முழு நீளம் போட்ட பிறகு இரண்டு மழைக்காலம் தாண்டி அதே செயின் ஓடுகிறது. முழுப் புகழையும் மட்கார்டுக்கே கொடுக்க முடியாது. கை சுட்ட பிறகு வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெயும் விடுகிறேன். ஆனாலும் துடைக்கும் துணியில் மணல் குறைந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

வாங்கும்போது டயரைவிட ஒரு சென்டிமீட்டராவது அகலமாகப் பாருங்கள். 35 மில்லிமீட்டர் டயருக்கு நான் 45 மில்லிமீட்டர் எடுத்தேன். ஃபிரேமில் பின் சக்கரம் மாட்டும் இடத்திலும் ஃபோர்க்கின் அடியிலும் போல்ட் போடும் சிறு கண்கள் இருக்கின்றனவா என்று முதலில் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான மரைதான். புது வண்டியில் மரைக்குள் பெயிண்ட் அடைத்திருக்கும், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு போல்ட்டை ஏற்றி இறக்கிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். கண் இல்லாத வண்டிக்கு, குழாயைச் சுற்றிப் போடும் ரப்பர் உறை வைத்த கிளாம்பு கிடைக்கும். ஷாக் ஃபோர்க் இருந்தால் முன்னால் முழு நீளம் போடுவது பெரும்பாடு. அவர்கள் கிளிப்பிலேயே இருந்துவிடலாம்.

மாட்டும்போது நான் செய்த தப்பு, ஒவ்வொரு போல்ட்டாக முழுக்க இறுக்கிக்கொண்டே போனது. கடைசிக் கம்பி வளைந்து நின்று, டயர் ஒரு பக்கம் உரச, எல்லாவற்றையும் திரும்ப அவிழ்த்தேன். டயரில் முழுக் காற்று அடித்துவிட்டு, எல்லா போல்ட்டையும் தொளதொளவென்று மாட்டி, சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி வரும்படி நிறுத்தி, அதன் பிறகுதான் இறுக்க வேண்டும். டிஸ்க் பிரேக் கேலிப்பர் கம்பிக்குக் குறுக்கே வந்தால் நடுவில் ஒரு உருளை வாஷர் கொடுத்து நீள போல்ட் போடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை ஹேக்சாவால் அறுத்து ரப்பர் மூடி போடாவிட்டால் முதலில் கிழிவது உங்கள் பேன்ட். நட்டு எல்லாம் நைலான் வளையம் வைத்ததாக இருக்கட்டும். நம் சாலைகளின் அதிர்வுக்குச் சாதா நட்டு ஒரு மாதம் தாங்குவது அதிகம்.

முன் மட்கார்டில் ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மழைக்குப் பிறகு சாலையில் கிளை, ஒயர், கிழிந்த பேனர் எல்லாம் கிடக்கும். ஒரு குச்சி டயரோடு மேலே போய் மட்கார்டுக்குள் சிக்கினால் அது மடங்கிச் சக்கரத்தைப் பூட்டிவிடும், ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டித்தான் விழுவார். இழுப்பு வந்தால் கம்பி தானாகக் கழன்றுகொள்ளும் கிளிப் முன்பக்கத்துக்கு இருக்கிறது. அது இல்லாத செட்டை நான் வாங்க மாட்டேன்.

அதோடு ஒரு ஃபிளாப். பழைய சைக்கிள்களில் மயிலோ பூவோ போட்ட ரப்பர் ஃபிளாப் தொங்குமே, அது அலங்காரத்துக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் முன் மட்கார்டின் நுனி தரையிலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது, சாக்ஸ் நனைவது நிற்கவில்லை. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனிலிருந்து ஒரு துண்டு வெட்டி, இரண்டு போல்ட் போட்டுத் தரையிலிருந்து 8 சென்டிமீட்டர் வரை இறக்கினேன். சாக்ஸ் காய்ந்தபடியே ஆபீஸ் போனது. பிறகு ஒருநாள் அபார்ட்மென்ட் சரிவில் வண்டியைப் பின்னால் தள்ளும்போது அது படியில் மாட்டி மட்கார்டையே மடக்கப் பார்த்தது. இரண்டு சென்டிமீட்டர் கத்தரித்துவிட்டேன். கேனில் இன்னும் மூன்று ஃபிளாப்புக்கு இடம் மிச்சம் இருக்கிறது.