யாரா வேலி வைன் சுற்றுலா: பணம் கட்டும் முன் படியுங்கள்

மெல்பர்ன் போகும் கோலாலம்பூர் நண்பர்கள், அந்நகருக்குப் பக்கத்திலுள்ள யாரா வேலி வைன் தோட்டச் சுற்றுலாவை இங்குள்ள ஏஜென்டிடமே வாங்கிவிடலாம் என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம்.

ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்தது இது: நான்கு வைனரிகள் (வைன் தயாரிக்கும் இடங்கள்), எல்லா இடத்திலும் டேஸ்டிங், அதாவது ருசி பார்க்கும் கட்டணம் உட்பட, தோட்டத்து உணவகத்தில் மதியச் சாப்பாடு, எங்கள் கூட்டத்துக்கு மட்டும் தனி வேன். ஆளுக்கு 650 வெள்ளி.

வந்தது பெரிய பஸ். ஹோட்டல் ஹோட்டலாக ஆள் ஏற்றினார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் சேர வேண்டிய இடத்துக்கு மதியம் நெருங்கும்போதுதான் போனோம். அங்கே பல வைனரிகள் மாலை நான்கு, ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிடும். காலையில் போன நேரம் திரும்பக் கிடைக்காது.

முதல் வைனரியில் எங்கள் குழுவுக்கு யாரும் டேஸ்டிங் பணம் கட்டவில்லை என்றார்கள். வேறு வழியில்லாமல் நாங்களே கட்டினோம். ஆனால் ஊற்றிக் கொடுத்த பெண்மணியைக் குறை சொல்லவே முடியாது. அந்தக் குளிர்ப் பகுதிக்குப் பெயர் வாங்கித் தந்த ஷார்டனே என்ற வெள்ளை வைன், பினோ நுவா என்ற சிவப்பு வைன் இரண்டையும் வரிசையாக வைத்து, எதை முதலில் குடிக்க வேண்டும், ஏன் என்று பொறுமையாகச் சொன்னார். பாட்டில் வாங்கினால் டேஸ்டிங் கட்டணத்தைக் கழித்துக்கொள்வார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். பல வைனரிகளில் இது வழக்கம். இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று மனம் நிறைந்த நேரத்தில் கைடு கைதட்டிப் பஸ்ஸுக்குக் கூப்பிட்டார்.

இரண்டாவது இடம் வைனரியே இல்லை. நினைவுப் பொருள் கடை, பின்னால் ஒரு மேசை. எப்போதோ திறந்த பாட்டில்கள். வெள்ளை வைன் பழுப்பேறி, காடி வாடை அடித்தது. அங்கே ஆறு பாட்டில் பெட்டி வாங்கச் சொல்லி கைடு விடாமல் வற்புறுத்தினார். மலேசியாவுக்கு எத்தனை வேண்டுமானாலும் வரியில்லாமல் கொண்டுபோகலாம் என்றார். சுத்தப் பொய். நமக்கு வரிவிலக்கு ஒரு லிட்டருக்குத்தான், அதாவது 750 மில்லி பாட்டில் ஒன்று. அதை நம்பிப் பெட்டி வாங்கிய தோழி கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தில் வரி கட்டினாள். என்னால் மன்னிக்க முடியாதது இதைத்தான்.

சாப்பாடு, கார் நிறுத்துமிடத்தில் ஒரு ரொட்டிப் பொட்டலம். சைவம் என்று முன்பே சொல்லியிருந்த நண்பருக்கும் உள்ளே ஹாம். அப்புறம் மழை என்று மற்ற வைனரிகளை ரத்து செய்தார்கள். எங்கள் படங்களிலெல்லாம் வெயில் அடிக்கிறது.

திரும்பி வந்து கேட்டால், தவறு ஆஸ்திரேலிய கம்பெனியுடையது என்கிறார் ஏஜென்ட். பணம் வாங்கியது அவர். ரசீதில் லைசென்ஸ் எண் கூட இல்லை. 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி ஏஜென்டுகளுக்குச் சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் கட்டாயம். அமைச்சின் இணையத்தளத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கலாம். வைனரிகளின் பெயர், நேரம், டேஸ்டிங் பணம் யார் கட்டுவது, எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் பணம் கொடுக்காதீர்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்துவிட்டேன். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். அதே பஸ்ஸில் வந்த கிள்ளான் நண்பர்களே, ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். மூன்று ஆண்டுகளுக்குள் நீங்களும் புகார் கொடுக்கலாம்.