டோக்கன் தர்றோம், முன்னாடியே பணம் போடுங்கன்னு சொல்ற கடையா? உஷார் மக்களே

செம கடுப்புல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 3,480 ரூபாய் போச்சு. சென்னைல எங்க ஏரியா டிபார்ட்மென்டல் ஸ்டோர் ஒண்ணு, பேர் போடல, போட்டா அது வேற தலைவலி.

2020 ஜூன் 19ல இருந்து கொரோனாவுக்காக மறுபடியும் லாக்டவுன் போட்டாங்கல்ல, கடை காலைல 6ல இருந்து மதியம் 2 வரைக்கும், வண்டி எடுக்காம 2 கிலோமீட்டருக்குள்ள நடந்து போய்த்தான் வாங்கணும்னு. எனக்கு நடக்குற தூரத்துல பெரிய கடைன்னா அது ஒண்ணுதான், அது அவங்களுக்கும் நல்லாவே தெரியும். சனிக்கிழமை போனா, மறுநாள் ஞாயிறு மொத்தமா மூடல்ங்கறதால சுண்ணாம்பு வட்டமெல்லாம் தாண்டி ரோடு வரைக்கும் கூட்டம், வாசல்ல கயிறு கட்டிட்டு யாரையும் உள்ள விடமாட்டோம், லிஸ்டை வாட்ஸ்அப் பண்ணுங்க, ஜிபே பண்ணிட்டு டோக்கன் வாங்கிட்டுப் போங்க, திங்கக்கிழமை சாமான் ரெடியா இருக்கும்னாங்க. கேஷ் வேணாமாம், நோட்டுல கிருமியாம்! பில் போடுற பையன் வருஷக்கணக்கா பாத்துப் பழகுன பையன், "அக்கா உங்களுக்கு இல்லாததா, அம்மாவுக்கு கோதுமை ரவை தனியா எடுத்து வச்சிடறேன்"னான், அம்மாவுக்கு சுகர்னு ஞாபகம் வச்சிருக்கானேன்னு மனசு குளுந்து 3,480 ரூபாயும் அனுப்பிட்டேன். ஷட்டர்ல ஒட்டியிருந்த கியூஆர்ல கடை பேர் வரல, யாரோ ஒருத்தர் பேர் வந்துச்சு, "ஓனரோட மச்சான்க்கா"ன்னான் அந்தப் பையன்.

திங்கக்கிழமை போனா பச்சை டோக்கன் செல்லாதாம், இன்னிக்கு மஞ்சளாம். யாருங்க மாத்துனதுன்னா "கவர்மென்ட் ரூல் மேடம்". சனிக்கிழமை அக்கா, திங்கக்கிழமை மேடம். அந்தப் பையன் எங்கன்னா இ-பாஸ் வாங்கிட்டு ஊருக்குப் போயிட்டானாம், மச்சான் நம்பர் தெரியாதாம், ஓனர் குவாரன்டைனாம், 14 நாள் கழிச்சு வாங்கன்றாங்க. அதுவரைக்கும் வீட்ல என்னத்த பொங்குறது? மெசேஜ் போட்டா ப்ளூ டிக் வருது, பதில் கிணத்துல போட்ட கல்லுதான். ரீஃபண்ட் கேட்டா, கொரோனா முடியற வரைக்கும் ரிட்டர்ன் ரீஃபண்ட் கிடையாதுன்னு சுவத்துல ஒரு பேப்பரைக் காட்டுறாங்க, சத்தியமா சனிக்கிழமை அது அங்க இல்ல.

இதுல வாட்ஸ்அப்ல வந்த பில்லை இப்பதான் ஒழுங்கா பாக்குறேன், த்ரீ ப்ளை மாஸ்க் ஒண்ணு 25 ரூபாயாம். 10 ரூபாய்க்கு மேல விக்கக்கூடாது, 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய்க்கு மேல போகக்கூடாதுன்னு சென்ட்ரல் கவர்மென்ட் மார்ச்லயே சொல்லியாச்சு, 2020 ஜூன் 30 வரைக்கும் அதான் ரேட். அந்த ரூல் மட்டும் இவங்க கண்ணுல படாது.

என்னென்ன பாக்கணும்னு விளக்கமா எழுதத்தான் உக்காந்தேன், நேரமில்ல. மாஸ்க், இடைவெளி, டைம், இதெல்லாம்தான் கவர்மென்ட் சொன்னது, டோக்கன் கலரெல்லாம் கடைக்காரன் இஷ்டம். கியூஆர்ல கடை பேர் வரலன்னா ஒத்த ரூபா அனுப்பாதீங்க. டோக்கன்ல தொகை எழுதி சீல் வாங்குங்க. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1800-11-4000, எனக்கு இன்னும் லைன் கிடைக்கல. மணி ஒன்றரை ஆச்சு, ரெண்டுக்கு ஷட்டரை இறக்கிடுவான், நான் போய் 3,480 ரூபாய கேட்டுட்டு வர்றேன்.