மயிலாப்பூர் நடை: கூட வருபவரா, காதில் பேசும் பதிவா?

மயிலாப்பூரை இரண்டு விதமாக நடந்து பார்த்துவிட்டேன். முதல் முறை, கைப்பேசியில் ஒலிப்பதிவைக் கேட்டபடி தனியாக. ஒரு மாதம் கழித்து, அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர் அழைத்துச் சென்ற எட்டுப் பேரில் ஒருவனாக. இனி யார் கேட்டாலும் பெரியவரோடு போகத்தான் சொல்வேன்.

தனியாகப் போவதன் வசதியை விளக்க வேண்டியதில்லை. நினைத்தபோது கிளம்பலாம், கால் வலித்தால் உட்காரலாம். பெரிய கட்டடங்களுக்கு ஒலிப்பதிவே போதும் என்றும் சொல்வேன். கடலோரம் இருந்த கபாலீசுவரர் கோயில் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்து இப்போதைய இடத்தில் எழுந்தது, ராஜகோபுரம் 1906-இல் கட்டப்பட்டது, சாந்தோம் பேராலயத்தின் இன்றைய கோதிக் வடிவம் 1896-இல் முடிந்தது எனத் தகவல்கள் சரியாகவே இருந்தன. கல்வெட்டில் 1516 என்று பொறித்த லஸ் தேவாலயத்தைப் பற்றியும் அதில்தான் தெரிந்துகொண்டேன். 'லஸ்' என்றால் போர்த்துகீசிய மொழியில் ஒளி. நம்மவர்கள் அதைப் பிரகாச மாதா கோயில் என்பது எவ்வளவு பொருத்தம்!

சிக்கல் வீடுகளில்தான். மாட வீதியை விட்டு ஒரு சின்னத் தெருவுக்குள் திரும்பியதும், "இடப்புறம் இரண்டு மரத்தூண்கள் தாங்கும் திண்ணையைப் பாருங்கள்" என்றது காதில் குரல். இடப்புறம் நின்றது நான்கு மாடிக் குடியிருப்பு. கீழே ஸ்கூட்டர்கள், இரும்புக் கதவு. வழி தவறிவிட்டேனோ என்று இரண்டு முறை பதிவைப் பின்னால் ஓட்டிக் கேட்டேன். வழி சரிதான், வீடுதான் இல்லை. அந்தத் தெருவிலேயே இன்னும் ஓரிடத்தில் இதே கதை. கோயிலும் தேவாலயமும் அப்படியே நிற்கும். குடும்பச் சொத்தாக இருக்கும் ஓட்டு வீடு பாகம் பிரிந்த மறு ஆண்டே காணாமல் போகும். பதிவு செய்தவர் திரும்ப வந்து பார்க்காவிட்டால் அந்தக் குரல் இல்லாத தூண்களைக் காட்டிக்கொண்டே இருக்கும். என் முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

பெரியவரும் அதே குடியிருப்பின் முன்னால் நின்றார். பக்கத்து வீட்டுக்கும் அதற்கும் நடுவிலுள்ள சந்து ஒன்றைக் காட்டினார். பழைய பொதுச்சுவரில், ஆள் உயரத்துக்கு மேல், ஒரே வரிசையில் சதுரக் குழிகள். இடிபட்ட வீட்டின் தேக்குக் கட்டைகள் சுவருக்குள் இறங்கியிருந்த இடங்கள் அவை. "முழுசாகப் பார்க்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "மாமி, கூடத்தை மட்டும் காட்டிவிட்டுப் போகட்டுமா?" என்றார். உள்ளே அண்ணாந்து பார்த்தோம். கட்டைகளின் மேல் செங்கற்களை மூலைவாட்டில் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்த 'மெட்ராஸ் டெரஸ்' கூரை. சந்தில் பார்த்த குழிகள் எதற்கு என்று அப்போதுதான் முழுவதும் புரிந்தது. எந்தப் பதிவும் அந்த வாசலைத் திறந்திருக்காது.

குறையும் உண்டு. எட்டுப் பேரின் வேகத்துக்கு நடக்க வேண்டும். லஸ் தேவாலயத்தில் எனக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. கோயில் குளத்து நிலம் ஆற்காட்டு நவாப் தந்தது போன்ற செய்திகளைச் சொல்லும்போது, "இது செவிவழியாக வந்தது" என்று அவர் சேர்த்துச் சொன்னார். எல்லா வழிகாட்டிகளும் அப்படிப் பிரித்துச் சொல்வார்களா என்பதை ஒருவரை மட்டும் வைத்து நான் உறுதியாகச் சொல்ல முடியாது. முப்பது பேர் கூட்டத்தில் அந்த மாமி வீட்டுக்குள் போயிருக்கவும் முடியாது. ஆகவே பெயர் கொடுப்பதற்கு முன் எத்தனை பேர் வருகிறார்கள், அழைத்துப் போகிறவர் அந்தத் தெருக்களில் கடைசியாக எப்போது நடந்தார் என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். தனியாகத்தான் போவேன் என்பவர்கள், பதிவு எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.