டயரின் பக்கவாட்டைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

பனிக்காலத்துக்கு முன் டயர் மாற்றப் போனேன். என் காரில் இருந்தவை 16 அங்குல ரிம்கள். கடைக்காரர் அவற்றை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 18 அங்குல அலாய் வீலும் அகல டயரும் போட்டால் பிடிமானம் கூடும் என்றார். பனிக்குச் சரிப்படுமா என்றேன். டயரில் ‘எம் பிளஸ் எஸ்’ என்றிருந்ததைத் தொட்டுக் காட்டினார். சேற்றுக்கும் பனிக்கும் என்று பொருளாம். பொருள் சரிதான். எந்தச் சோதனையும் இல்லாமல் தயாரிப்பாளரே அதைப் பொறித்துக்கொள்ளலாம் என்பதைத்தான் மனிதர் சொல்லவில்லை.

முதல் பனி விழுந்த அன்று, சிவப்பு விளக்கைப் பார்த்துப் பிரேக்கை மிதித்தேன். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலடியில் தடதடத்தது. கார் தன்பாட்டுக்குப் போய்ச் சந்தியின் நடுவில் நின்றது. குறுக்கே வண்டி வராதது யார் செய்த புண்ணியமோ. நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்ற தெம்பில் இருந்தேன். அந்த வசதி புறப்படத்தான் உதவும், நிற்க உதவாது.

வேறொரு மெக்கானிக் பார்த்துவிட்டுச் சிரித்தார். அகல டயர் புதுப்பனியின் மேல் மிதக்கும், குறுகியதுதான் அழுத்திக் கீழே இறங்கும் என்றார். பிறகு பக்கவாட்டில் நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 3616. 2016ஆம் ஆண்டின் 36ஆவது வாரத் தயாரிப்பு. எட்டு ஆண்டுகள் கிடங்கில் கிடந்து இறுகிய ரப்பரைப் புதுச்சரக்கு என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள்!

திருப்பிக் கொடுக்கப் போனால், ஓட்டிய டயரை எடுப்பதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பழைய ரிம்களை அங்கேயே விட்டுவராதது நல்லதாய்ப் போயிற்று. அவற்றிலேயே இப்போது குறுகிய பனிக்கால டயர்கள் ஓடுகின்றன. இவற்றின் பக்கவாட்டில் உள்ள, மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் பொறித்த குறி, பனியில் சோதித்துத் தேறிய டயருக்கு மட்டுமே உண்டு. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடைக்கால டயர் விறைக்கும்போதும் இந்த ரப்பர் இளக்கமாகவே இருக்கும். செலவை மிச்சம்பிடிக்க முன்னால் இரண்டு மட்டும் போடலாமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். அப்படிப் போட்டால் வளைவில் பின்பக்கம் உங்களை முந்தப் பார்க்கும் என்றார். நான்கும் போட்டேன்.

ரசீதில் மலைக்குறியையும் தயாரிப்பு வாரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மெக்கானிக் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். முதல் கடை தந்த ரசீதில் ‘டயர் 4, வீல் 4’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அதை வைத்துக்கொண்டு எங்கே போய்ப் புகார் செய்வது?