பில்லில் "மகாகனி", காலுக்கு அடியில் ரப்பர் மரம்: 68,500 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. எரிச்சலோடுதான் எழுதுகிறேன். மரச்சாமான் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

வண்ணம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு என்று டிசைன் செய்கிறவன். அதனால் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. புது வீட்டுக் கூடத்துக்கு நான் மனதில் வைத்திருந்தது ஒரே ஒரு அடர்ந்த செம்பழுப்பு, அதுவும் சாப்பாட்டு மேசையில் மட்டும். அந்த நிறம் தனியாக நின்றால்தான் அழகு. சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தால் மேசை கறுத்துக் கனத்துத் தெரியும். லேசாக மஞ்சள் கலந்த கிரீம் அடித்தால் மரத்துச் சிவப்பு மேலே வரும். நாற்காலி மெத்தைக்கு மங்கிய இலைப்பச்சை. சிவப்புக்குப் பச்சை எதிர் நிறம், பக்கத்தில் வைத்தால் இரண்டும் எடுப்பாக இருக்கும். இவ்வளவு கணக்குப் போட்டு, பெயின்ட்டும் அடித்து முடித்த பிறகுதான் மேசை தேடினேன்.

ஆன்லைனில் மரச்சாமான் விற்கும் ஒரு தளம். ஊருக்குள் காட்சிக்கூடமும் உண்டு. ஆறு நாற்காலியோடு மகாகனி மேசை 68,500 ரூபாய். மகாகனி என்றால் செம்பழுப்பாக இருக்கும் விலை கூடிய மரம். அங்கிருந்த பையன் மேசையை விரல் முட்டியால் தட்டி, "சத்தத்தைக் கேளுங்க சார், கட்டை முழுசும் மரம். எங்க அக்கா வீட்டுக்கும் இதான் சொல்லியிருக்கேன்" என்றான். அந்த அக்காவில்தான் விழுந்தேன். மேலே மஞ்சள் விளக்கு, கீழே மேசை தணல் மாதிரி மின்னுகிறது. மஞ்சள் வெளிச்சம் சிவப்பைத் தூக்கிக் காட்டும் என்று கஸ்டமர்களுக்கு எத்தனை முறை பாடம் எடுத்திருப்பேன்! ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. நின்ற இடத்திலேயே 68,500-ஐயும் போனில் அனுப்பிவிட்டேன்.

மேசை வந்த நாலாம் நாள் அம்மா ஈரத்துணியால் துடைத்தார். பழைய வேட்டித் துணி, வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியைக் கவிழ்த்து, கால் அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடியைப் பிடுங்கினேன். உள்ளே வெளுத்த மஞ்சள் மரம், விரல் கோத்த மாதிரி துண்டு துண்டாக ஒட்டியது. தெரிந்த ஆசாரிக்குப் படம் அனுப்பினேன். "ரப்பர் மரம் தம்பி, மேலே ஸ்டெயின் அடிச்சிருக்கான். சீலரும் சரியா போடல" என்றார். ஸ்டெயின் என்றால் மரச்சாயம், சீலர் அது கரையாமல் இருக்க மேலே போடும் பூச்சு. ரப்பர் மரம் மட்டமில்லை. ரப்பர் மரம் என்று சொல்லி அதற்கான விலைக்கு விற்கட்டும்.

போன் செய்தால், "இயற்கை மரத்துல நிற வேறுபாடு சகஜம் சார்." என் மேசையில் வேறுபாடே இல்லை, அதுதானே சந்தேகம்! உண்மையான மகாகனி அறுத்த புதிதில் இளஞ்சிவப்பாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் கறுக்கும். பலகைக்குப் பலகை சாயல் மாறும். ஆப்பில் கொடுத்த புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடினார்கள். காட்சிக்கூடத்தில், "ஆன்லைன் ஆர்டர், எங்க கையில இல்ல." மூன்றாவது போனில் ஒரு அம்மா நிதானமாகச் சொன்னார்: "சார், மகாகனிங்கறது ஃபினிஷ் பேரு, மேல்பூச்சோட நிறம். மரத்தோட பேருன்னு நாங்க எங்க சொன்னோம்?"

பில்லையும் தளத்தில் இருந்த மேசையின் பக்கத்தையும் திரும்பப் பார்த்தேன். நிறம்: மகாகனி. பொருள்: சாலிட் வுட், அதாவது முழு மரம். ரப்பரும் சாலிட்தானே! ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கணினி வண்ணப் பட்டியலில் மகாகனி என்றால் சிவப்பு 192, பச்சை 64, நீலம் 0. திரையில் அது செங்கல் நிறம். பெயர் ஒன்று, நிறம் வேறு என்பது தினமும் என் கண் முன்னால் இருக்கிற விஷயம். அப்படியும் 68,500 ரூபாய்.

விவரமாகப் பத்து யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. சாயம் அடிக்காத இடத்தை, கால் அடியையோ இழுப்பறையின் உள்பக்கத்தையோ பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்துத் தேயுங்கள். பகலில் பாருங்கள். பில்லில் மரத்தின் பெயரை எழுதி வாங்குங்கள், "ஃபினிஷ்" என்ற சொல் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுத்திருக்கிறேன். இப்போதைக்கு மேசை மேல் பிளாஸ்டிக் விரித்துத்தான் சாப்பிடுகிறோம். பிளாஸ்டிக்கில் ரோஜாப்பூ போட்டிருக்கிறது.